இல்லை என்று சொல்லாத ஊரில் ஒரு கூடைப்பந்து அணி

பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து சொல்லிக்கொடுப்பது என்றால் உயரத்தில் இருக்கிற வளையத்துக்குள் பந்தைப் போட வைக்கிற வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். விசில் கட்டிப் பிழைக்கிற உங்களுக்குத் தெரியும், அது சுலபமான பாதி. கஷ்டமான பாதி, பந்தைப் போட வேண்டிய பையனை அவன் வீட்டிலிருந்து மைதானத்துக்கு வர வைப்பது.

நான் கோயமுத்தூரில், ஆர்.எஸ்.புரத்தை ஒட்டிய ஓர் ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். பையன்களுக்கு பி.டி. சார். வயது ஐம்பத்து நான்கு. முழங்கால் இரண்டும் போய்விட்டன. குரல் மட்டும் மிச்சம். மற்ற ஊர்களில் இந்த வேலை பார்ப்பவர்களுக்கு இல்லாத ஒரு சங்கடம் எங்களுக்கு உண்டு. எங்கள் பக்கத்து ஜனங்கள் வீட்டுக்கு வந்தவர் முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொல்ல மாட்டார்கள். அப்படிச் சொல்வது மரியாதை இல்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டி, சோறு போட்டு, வாசல் வரை வந்து வழியனுப்புவார்கள். 'இல்லை' பின்னால் வரும், நாலைந்து நாள் கழித்து, வேறு ஓர் ஆள் வழியாக. கைப்பேசி வந்தும் இந்த வழக்கம் மாறவில்லை. எனக்கும் இதே ஊர்தான், இதே பழக்கம்தான். அந்தப் பழக்கம் என்னுடைய கடைசி நல்ல அணியை என்ன செய்தது என்று துண்டு துண்டாகச் சொல்கிறேன். உங்கள் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு பையன் இருந்திருப்பான்.

ஒரு குலை இளநீர்

சக்திவேலை நான் முதலில் பார்த்தது ப்ளஸ் ஒன் சேர்க்கை நடந்த அன்று. அலுவலக வாசலில் குனிந்து உள்ளே வந்தான். இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு ஒரு பையன் குனிந்து வாசலைத் தாண்டினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பந்தையே தொட்டதில்லை என்றான். அதனால் என்ன, பந்தைத் தொடச் சொல்லிக்கொடுக்கலாம், உயரத்தைச் சொல்லிக்கொடுக்க முடியுமா? அந்த ஞாயிற்றுக்கிழமையே தொண்டாமுத்தூர்ப் பக்கம் அவர்கள் தோப்புக்கு ஸ்கூட்டரில் போய்விட்டேன்.

அவன் அப்பா தென்னை மரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார வைத்தார். காலையில் ஐந்தரைக்குப் பயிற்சி என்றேன். "அதுக்கென்னுங்க சார், அனுப்பிப்போடறனுங்க" என்றார். வாரம் ஆறு நாள் என்றேன். "நீங்க சொன்னாச் சரிங்க. இனிமே அவன் உங்க பையனுங்க." ஒரு குலை இளநீரை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக் கட்டினார். கால் வைக்க இடமில்லாமல், இரண்டு காலையும் தவளை மாதிரி விரித்துக்கொண்டு, ரொம்ப சந்தோஷமாக ஊர் வந்து சேர்ந்தேன்.

திங்கள் பையன் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை பள்ளி வாசலில் ஒருவர் காத்திருந்தார். ஆர்.எஸ்.புரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற சக்தியின் சித்தப்பா. முதலில் மழை பற்றிப் பேசினார், அப்புறம் பருத்தி விலை. கிளம்புகிற மாதிரி ஓர் அடி வைத்து, அப்புறம்தான் திரும்பிச் சொன்னார்: "அண்ணனுக்கு உங்க மூஞ்சிக்கு நேரா முடியாதுங்கறதுக்கு மனசு வரலீங்க சார். விடியக்காலைல எங்க தடத்துல ஆனை நிக்குதுங்க. நீங்க ஒரு எட்டு வந்து ஆனைகிட்டப் பேசிப்போட்டீங்கன்னா, பையனை அனுப்பறதுக்கு எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க."

கொடுக்கிற கை

யானைக்காகப் பயிற்சியை மாலைக்கு மாற்றினேன். ஒரு பையனுக்காக அணி முழுவதும் நேரத்தை மாற்றிக்கொண்டது. மற்றவர்கள் வீட்டில் யாரும் சித்தப்பாவை அனுப்பவில்லை.

அப்படி மாற்றிக்கொண்டவர்களில் ஒருவன் தினேஷ். மதுக்கரையிலிருந்து பஸ் மாறி வருகிறவன். அப்பா சிமெண்ட் லாரி ஓட்டுகிறார். தினேஷ் குட்டை, ஆனால் பந்து அவன் கையில் இருக்கும்போது அணிக்கு மூச்சு சீராக வரும். பந்தைப் பின்னாலிருந்து கொண்டுவந்து, யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்கிற இடத்தில் ஆடுகிறவன். என்ன சொன்னாலும் "சரிங்க சார்." அடிபட்டால் "பரவாலீங்க சார்." இந்த இரண்டையும் தாண்டி அவனிடம் நான் அதிகம் கேட்டதில்லை. அவன் வீட்டுக்கும் நான் போனதில்லை. சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்து நிற்கிற பையன் வீட்டுக்கு யார் போகிறார்கள்?

சக்திக்குப் பந்து கையில் நிற்கவே இல்லை. வலைக்கு அடியில் மரம் மாதிரி நிற்பான். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வான். ஒரு நாள் பார்க்கிறேன், மற்றவர்களுக்கெல்லாம் சுள்ளென்று பாஸ் போடுகிற தினேஷ், சக்திக்கு மட்டும் தரையில் ஒரு தட்டுத் தட்டி, அவன் வலது கைப் பக்கமாக, கைக்குழந்தையைக் கைமாற்றுகிற மாதிரி கொடுக்கிறான். எதிரணி நடுவில் பிடுங்கிவிடும், என்ன கொஞ்சலா இது என்று கத்தினேன். தினேஷ் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே சொன்னான்: "வேகமாக் குடுத்தா பந்து அவன் மேல படுதுங்க சார். இப்படிக் குடுத்தாத்தான் அவன்கிட்ட நிக்குதுங்க."

நடுவரிடம் ஒரு வார்த்தை

ப்ளஸ் டூ வந்தது. வழக்கம்போல மற்ற பள்ளிகளில் நல்ல ஆட்டக்காரர்கள் டியூஷனுக்குப் போய்விட்டார்கள். எங்கள் அணி மட்டும் கலையவில்லை. மாவட்டப் போட்டியில் அரையிறுதி வரை வந்துவிட்டோம். அந்த ஆட்டத்தில் நாலு புள்ளி முன்னால் இருக்கும்போது, எதிரணிப் பையன் ஒருவன் தானாகவே தடுக்கி விழுந்தான். பக்கத்தில் நின்ற பாவத்துக்கு தினேஷ் மேல் ஃபவுல். அவனுக்கு அது ஐந்தாவது. ஐந்தானால் வெளியே உட்கார வேண்டியதுதான். நாலாம் பகுதியில் பாதி மீதம் இருந்தது.

மற்ற பயிற்சியாளர்கள் இந்த இடத்தில் துண்டை வீசுவார்கள், நாற்காலியை உதைப்பார்கள். நான் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நடுவர் பக்கத்தில் போய், "ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தப் பையன் தானா விழுந்த மாதிரி எனக்குத் தோணுச்சுங்க. உங்க பார்வைக்கு எப்படிப் பட்டுச்சோ" என்றேன். அவர் ஃபவுல்தான் என்றார். "சரிங்க, நீங்க பக்கத்துல இருந்தீங்க" என்று திரும்பிவிட்டேன். தினேஷ் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "பரவாலீங்க சார்" என்றான். நான் அப்போது அவனுக்கு ஆறுதல் சொல்ல வாயெடுத்துக்கொண்டிருந்தேன், அவன் முந்திக்கொண்டான்.

எப்படியோ ஒரு புள்ளியில் ஜெயித்தோம். ஆட்டம் முடிந்ததும் அந்த நடுவர் என்னைத் தேடி வந்து இரண்டு கையாலும் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், உங்களை மாதிரி தன்மையான கோச் நம்ம ஜில்லாவுலயே கெடையாதுங்க. ஒருத்தர் செல்லுல எடுத்ததப் பாத்தாத்தான் தெரியுதுங்க, அந்தப் பையன் தானாத்தான் விழுந்திருக்கான்."

நோம்பி சாட்டியாச்சு

மாவட்ட இறுதியிலும் ஜெயித்தோம். மாநிலப் போட்டி ஈரோட்டுப் பக்கம் ஓர் ஊரில். மூன்று நாள் தங்கி ஆட வேண்டும். அதே வாரத்தில் சக்தி ஊரில் மாரியம்மன் நோம்பி சாட்டிவிட்டார்கள். கோயில் திருவிழா தொடங்குகிறது என்று தப்பட்டை அடித்து அறிவித்துவிட்டால், அந்த ஊர்க்காரர் நோம்பி முடிகிற வரை ராத்திரி வெளியூரில் தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். படுக்கை ஊர் எல்லைக்குள்தான். இதை அவன் அப்பா என்னிடம் சொல்லவில்லை. "அதுக்கென்னுங்க, போயிட்டு வரட்டுங்க" என்றுதான் சொன்னார். இரண்டு நாள் கழித்து சித்தப்பா வந்து, மழை, பருத்தி விலை எல்லாம் முடித்து, சொன்னார்.

இந்த முறை நான் தயாராக இருந்தேன். காலையில் வந்து, ஆடிவிட்டு, பொழுதோடு ஊர் திரும்பட்டும் என்றேன். சாமிக்கும் குறையில்லை, அணிக்கும் குறையில்லை. சக்தியின் அப்பா தாமே காரை எடுத்துக்கொண்டு தினமும் அவனைக் கூட்டிவந்தார். மற்ற பையன்கள் ஒரு பள்ளி வகுப்பறையில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்துப் படுத்தார்கள். சக்தி வருகிறபோது டிக்கி நிறையக் கச்சாயமும் முறுக்கும் வரும். எல்லோருக்கும் முதலில் எடுத்துக் கொடுக்கிறவன் அவன்தான். நல்ல பையன் என்பதையும் நான் சொல்லிவிட வேண்டும்.

அப்பா மூன்று நாளும் மைதானத்து ஓரத்தில் வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார். பந்து வெளியே போனால் கை தட்டினார். இரண்டாம் நாள், அவர் மகன் அழகாக ஒன்றைப் போட்டுவிட்டு ஓடி வந்ததும், என் காதுப் பக்கம் குனிந்து கேட்டார்: "ஏனுங்க சார், இத்தன பாடுபட்டுப் பந்தை உள்ள போட்டுப்போட்டு, மறுக்கா அவங்ககிட்டயே எடுத்துக் குடுக்கறாங்களே, அப்பறம் எதுக்குங்க போடறது?"

யார் அந்தப் பையன்

இறுதி ஆட்டத்துக்கு ஒருவர் வந்திருந்தார். சென்னையில் பெரிய கல்லூரி ஒன்றின் உடற்கல்வி இயக்குநர். பெயர் செல்வின், திருநெல்வேலிக்காரர். வருஷா வருஷம் இப்படி வந்து பார்த்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு பையனைப் பொறுக்கிக்கொண்டு போவார். படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் கல்லூரி பார்த்துக்கொள்ளும். எங்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒருவனுக்குத்தான் இடம் என்று முன்பே சொல்லியிருந்தார். முந்தின நாள் தினேஷ் என்னிடம், "ஒரு சீட்டுத்தானுங்களா சார்?" என்று கேட்டான். அவனாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். அது கிடைக்காவிட்டால் படிப்பு அதோடு சரி, ஏதாவது கம்பெனியில் சேர்த்துவிடுவார்கள் என்று அவன் சொல்லவில்லை. அவன் வகுப்பாசிரியர் சொன்னார்.

மூன்றாம் பகுதியில் தினேஷுக்குக் கணுக்கால் பிசகியது. ஐஸ் வைத்தோம். ஆடுகிறாயா என்று கேட்டேன். "சரிங்க சார்." வலி எப்படி என்றேன். "பரவாலீங்க சார்." கடைசிச் சில விநாடிகளில் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். தினேஷ் நொண்டிக்கொண்டே பந்தைக் கொண்டுவந்தான். இரண்டு பேர் அவன் மேல் விழுந்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவில், தரையில் ஒரே ஒரு தட்டு. சக்தியின் வலது கைக்கு, நெஞ்சு உயரத்துக்கு, பந்து எழும்பி வந்தது. சக்தி கண்ணைத் திறந்தே வைத்திருந்தான். போட்டான். மணி அடித்தது.

ஸ்கோர் ஷீட்டில் போட்டவன் எண்ணை எழுதுவார்கள். கொடுத்தவன் எண்ணுக்குக் கட்டம் கிடையாது. பையன்கள் எல்லோரும் சக்தியைத் தூக்க முயன்று, முடியாமல், அவன் மேலேயே விழுந்து கிடந்தார்கள். தினேஷ் பெஞ்சில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். செல்வின் சார் கேலரியிலிருந்து வேகமாக இறங்கி வந்து என் தோளைத் தட்டினார்: "யாரு சார் அந்த நெட்டப் பய? பனமரம் மாதிரி நிக்கான்லா!"

ஒறம்பரைச் சோறு

பரீட்சை முடிந்ததும் செல்வின் சார் கோயமுத்தூர் வந்தார். அவரை வாடகைக் காரில் கூட்டிக்கொண்டு அதே தோப்புக்குப் போனேன். விருந்தாளி வந்தால் எங்கள் பக்கம் ஒறம்பரை வந்திருக்கிறது என்பார்கள். அன்றைக்கு நடந்தது ஒறம்பரைச் சாப்பாடு. நாட்டுக்கோழி, மட்டன், ரசம், தயிர், எல்லாம் முடிந்தபின் மறுபடியும் நாட்டுக்கோழி. செல்வின் சார் நாலு வருஷப் படிப்பை ஒரே வேளையில் முடிக்கிற மாதிரி சாப்பிட்டார். சாப்பாட்டுக்கு நடுவில் எல்லாவற்றையும் சொன்னார். ஜூன் முதல் வாரம் சேர வேண்டும், கட்டணம் கிடையாது, இந்தியா முழுவதும் ஆடலாம். சக்தியின் அப்பா இலையைப் பார்த்துக்கொண்டே, "அதுக்கென்னுங்க. அவன் குடுத்துவெச்சவனுங்க. இன்னுங் கொஞ்சம் கொளம்பு விடுங்க அம்மணி, சார் எலை காயுது" என்றார். சக்தி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவனை யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

அந்த 'அதுக்கென்னுங்க' வந்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் அனுப்பப் போவதில்லை. ஒரே மகன், தோப்பு, ஆழ்துளைக் கிணறு, எல்லாம் இருக்கிறது, பார்த்துக்கொள்ள இவன்தான். செல்வின் சாருக்குப் புரியவில்லை. அவர் ஊரில் முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அவர்கள் சோற்றில் கை வைத்துக்கொண்டு, அவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து, 'இவர்கள் அனுப்பமாட்டார்கள், அந்த இடத்தை இன்னொரு பையனுக்குக் கொடுங்கள்' என்று எப்படிச் சொல்வது? கை கழுவிவிட்டுக் காரில் ஏறியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொல்லவும் செய்தேன். "சார், மதுக்கரை வழியாப் போலாங்களா? தினேஷுன்னு நம்ம பையன் ஒருத்தன், அவன் வீடு அந்தப் பக்கந்தானுங்க. ஒரு டீ சாப்பிட்டுப் போலாம்" என்றேன். எங்கள் ஊர்க்காரர் யாராக இருந்தாலும் இதைக் கேட்ட மாத்திரத்தில் விஷயம் புரிந்து வண்டியைத் திருப்பச் சொல்லியிருப்பார். செல்வின் சார் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு சீட்டில் சாய்ந்தார்: "வயிறு முட்டிக் கெடக்கு சார், இதுல டீக்கு எங்க எடம்? நேரா ஸ்டேஷனுக்கு விடச் சொல்லும்."

சொன்னதாக நான் நினைத்தது

இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அவரிடம் ஜாடையாகச் சொல்லிவிட்டேன், சக்தி வராவிட்டால் அந்த இடம் தினேஷுக்குத்தான் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை. எங்கிருந்து வந்தது அது? உள்ளூர்க் கல்லூரிகள் விளையாட்டுத் தேர்வு வைத்தபோது தினேஷை நான் அனுப்பவில்லை. "கொஞ்சம் பொறு கண்ணு, சென்னையே வரும்" என்றேன். "சரிங்க சார்" என்றான். வேறு யாராவதாக இருந்தால் எப்படி, எப்போது என்று கேட்டிருப்பார்கள். அவன் கேட்கவில்லை, அவன் கேட்காததால் நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

சேர வேண்டிய நாள் கடந்த மறுநாள் சித்தப்பா வந்தார். அன்று மழை பற்றிப் பேசவில்லை. "அண்ணன் ரொம்பச் சங்கடப்படறாருங்க சார். அந்தச் சார் அத்தன தூரம் வந்து சாப்பிட்டுப் போனாரு, எப்படீங்க சொல்றது?" என்றார். உடனே செல்வின் சாரைக் கூப்பிட்டேன். பையன் வரவில்லை என்றதும் நிர்வாகம் இடத்தை முந்தின நாள் சாயங்காலமே வேறு ஊர்ப் பையனுக்குக் கொடுத்துவிட்டதாம். அவர் கோபப்பட்டதில் தப்பில்லை. அவங்க அனுப்பமாட்டாங்கன்னு ஒமக்கு அன்னைக்கே தெரியுமா என்றார். தெரியும் என்றேன். அப்போ காரில் வச்சே சொல்லியிருக்கலாம்லா என்றார். சொன்னேனுங்களே சார் என்றேன். என்ன சொன்னீர்? மதுக்கரை வழியாப் போய் டீ சாப்பிடலாம்னு சொன்னேனுங்க.

அவர் மெதுவாகக் கேட்டார்: "டீயா?"

சக்தி கொண்டுபோன செய்தி

தினேஷிடம் இதைச் சொல்ல வேண்டும். மதுக்கரைக்குக் கிளம்பினேன். ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து எடுத்தேன். என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டினேன், கழற்றினேன். அவன் அம்மா வீட்டில் இருப்பார்கள். என்னை உட்காரச் சொல்வார்கள். டீ கொடுப்பார்கள். அந்த டீயைக் குடித்துவிட்டு எப்படிச் சொல்வது? ஸ்கூட்டரை மறுபடியும் ஸ்டாண்டில் போட்டுவிட்டேன். சான்றிதழ் வாங்க அன்று பள்ளிக்கு வந்திருந்த சக்தியைக் கூப்பிட்டு, "நீ அவன் சிநேகிதன், பக்குவமாச் சொல்லிப்போடு" என்றேன்.

சக்தி நின்றுகொண்டே இருந்தான். வாசலில் குனிய வேண்டிய உயரம், அப்போது அவன் வாசலே இல்லாமல் குனிந்திருந்தான். நான் சும்மா இருக்க முடியாமல், உனக்கு சென்னை போக விருப்பம் இல்லையா கண்ணு என்று கேட்டுவைத்தேன். கேட்க வேண்டிய நாளில் கேட்காததை, கேட்டுப் பயனில்லாத நாளில். பந்து கையில் நிற்காத அந்தக் காலத்து மாதிரி கையைப் பிசைந்துகொண்டு சொன்னான்: "நெம்ப ஆசையா இருந்துச்சுங்க சார். அப்பாகிட்ட நீங்க கேட்டுக் குடுப்பீங்கன்னு பாத்தேனுங்க."

நேரில்

தினேஷ் குறிச்சிப் பக்கம் ஒரு மோட்டார் கம்பெனியில் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவுதானே, காலையில் வந்து சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும், அடுத்த வருஷம் எங்காவது இடம் பார்க்கலாம் என்று தோன்றியது. அதையும் சக்தியிடம்தான் சொல்லியனுப்பினேன். பழக்கம் அப்படி.

அடுத்த ஞாயிறு, எட்டாம் வகுப்புப் பையன்கள் ஓடிவந்து எம்பிப் போடுகிற லே-அப் பழகிக்கொண்டிருந்தபோது தினேஷ் மைதானத்துக்குள் வந்தான். கம்பெனிச் சட்டை போட்டிருந்தான். விரல் ஓரங்களில் கிரீஸ் கறுப்பு. எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. வா கண்ணு என்று விசிலை எடுத்து அவன் பக்கம் நீட்டினேன். அவன் கையை நீட்டவில்லை. ஒரு பந்து உருண்டு வந்து அவன் காலில் பட்டது. எடுத்தான். ஒரு குட்டைப் பையனுக்கு, ஒரு தட்டுத் தட்டி, வலது கைக்கு, நெஞ்சு உயரத்துக்குக் கொடுத்தான். பந்து அவனிடம் நின்றது. அப்புறம் தினேஷ் என் முன்னால் வந்து நேராக நின்று, என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்: "சக்திகிட்டயே சொல்லி அனுப்பிப்போடலாம்னுதான் மொதல்ல நெனச்சேனுங்க சார். அப்பறம் அது நல்லா இருக்காதுன்னு நானே வந்தேனுங்க. இல்லீங்க சார், நான் இனிமே வரமாட்டேன்."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்குப் பந்தைக் கொடுக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். 'இல்லை'யை முகத்துக்கு நேராகக் கொடுக்கத் தெரிந்தவன் ஒருத்தன்தான் தேறினான், அவனும் அதை எனக்குத்தான் கொடுத்துவிட்டுப் போனான்.